பந்திக் கூடத்துப் பின்கதவு

சென்ற ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்காகக் காளப்பநாயக்கன்பட்டி போயிருந்தேன். சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளி போகிற சாலையில் உள்ள ஊர். கொல்லிமலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது போல இருக்கும். மலையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த சனம் ஒரு பக்கம், நாமக்கல்லிலிருந்து வேன் பிடித்து வந்த சனம் மறுபக்கம். மண்டபம் நிரம்பி வழிந்தது. மூன்றாம் பந்திக்கு இடம் பிடிக்கக் காத்து நின்றபோதுதான் அந்தக் கதவைப் பார்த்தேன்.

இரும்புத் தகடு அடித்த ஒற்றைக் கதவு. மேலே சிவப்புப் பெயின்டில் 'அவசர வழி' என்று எழுதியிருந்தது. கீழே ஒரு தாழ்ப்பாள், மேலே ஒரு தாழ்ப்பாள், நடுவில் கொண்டியும் நாதாங்கியும், அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. கீல்கள் கூடத்துக்குள் தெரிந்தன. அப்படியானால் கதவு உள்பக்கமாகத்தான் திறக்கும். அதை ஒட்டி ஆள் உயரத்துக்கு இரண்டு வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் தண்ணீர் கேன்கள்.

மண்டப மேனேஜர் அந்தப் பக்கமாக வந்தார். "ஏனுங்கண்ணா, இந்தக் கதவு பூட்டியே கெடக்குதுங்களே?" என்று கேட்டேன்.

"தொறந்து வெச்சா ஆரு வர்றாங்க, ஆரு போறாங்கன்னு எப்புடிங்க பாக்கறது? போன முகூர்த்தத்துல ரெண்டு அண்டா போயிருச்சுங்க. கூட்டத்துல ஒரு கொழந்த வேற இந்த வழியா ரோட்டுக்கு ஓடிப் போயிருச்சு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. நகையும் மொய்ப்பணமும் பாத்திரமும் நிறைந்த இடம் கல்யாண மண்டபம். யாரும் யாரையும் முழுக்க அறியாத கூட்டம். திருட்டுப் போனால் முதலில் மாட்டுவது அவர்தான். அந்தப் பயத்தை லேசாக எண்ணுகிறவர்கள் மண்டபம் நடத்திப் பார்த்ததில்லை.

சாவியை மட்டும் எடுத்து வரச் சொன்னேன். முகப்பில் இருக்கும் ஆபீஸ் ரூமுக்குப் போய் ஒரு வளையத்தோடு வந்தார். 14 சாவிகள், எதிலும் அடையாளம் இல்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ஒன்பதாவது சாவியில் பூட்டு திறந்தது. நாற்காலிகளை நகர்த்திக் கதவை இழுத்துத் திறந்தபோது மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது பட்டப்பகல். விளக்குகள் எரிந்தன. யாரும் எங்களைத் தள்ளவில்லை.

மூன்று நிமிடம் என்பது தீயின் கணக்கில் மிக நீளமானது. இன்றைய மண்டபங்களில் அலங்காரத் துணி, தெர்மாகோல், பிளாஸ்டிக் பூ, பஞ்சு வைத்த சோபா எல்லாம் இருக்கின்றன. இவை மரத்தைப் போல நின்று எரிவதில்லை. உருகிச் சொட்டி, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு எரிகின்றன. மூடிய கூடத்தில் புகை முதலில் கூரையில் தங்கும், பிறகு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். அது முகத்தின் மட்டத்துக்கு வந்ததும் கண் எரிந்து மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு மூச்சில் போவது கார்பன் மோனாக்சைடு. இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். தலை கிறுகிறுக்கும், கை சொன்னபடி கேட்காது, கால் துவளும். தீ விபத்தில் சாகிறவர்களில் பலரைத் தீ சுடுவதற்கு முன்பே புகை முடித்துவிடுகிறது. டெல்லி உபஹார் தியேட்டரில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்தது மூச்சுத் திணறலால்தான். பால்கனியின் ஒரு பக்க வழி கூடுதல் இருக்கைகளால் அடைபட்டிருந்தது. கதவுகள் தாழிடப்பட்டிருந்தன.

அந்த நிலையில் இருக்கிற ஒருவரிடம் 14 சாவியில் சரியான சாவியைத் தேடு என்று கேட்கிறது இந்தக் கதவு.

கல்யாணம் என்றாலே எனக்கு ஸ்ரீரங்கம் நினைவுக்கு வந்துவிடும். 2004 ஜனவரி 23. மாடியில் கீற்றுப் பந்தல். தீப்பிடித்துக் கூரை முழுக்கப் பரவியது. மாப்பிள்ளை உட்பட 50க்கும் மேற்பட்டவர்கள் அந்த முகூர்த்தத்திலேயே போனார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருவில் பள்ளிக்கூடக் கூரை எரிந்தது. 94 குழந்தைகள். சத்துணவுச் சமையல் கூடத்தில் கிளம்பிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. குறுகிய படிக்கட்டு, நெருக்கமான வகுப்பறை. இந்தத் துயரை முன்வைத்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளிக்கூடத்தைப் பெறும் உரிமையும் அடங்கும் என்று சொன்னது. கீற்றைப் பற்றி நாம் பாடம் கற்றுக்கொண்டோம், கூரைகள் மாறின. கதவுகளைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை என்பது என் ஆதங்கம்.

கும்பகோணத்துக்கும் மூன்று வருடம் முன்பு ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடிவதற்கு முன். ஓலைக் கொட்டகையில் வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் எரிந்து போனார்கள். சங்கிலியால் கட்டிப் போட்டிருந்ததால் அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. ஓடிப்போய்விடுவார்கள், தங்களுக்கே ஏதாவது செய்துகொள்வார்கள் என்ற அச்சத்தில் பூட்டிய சங்கிலி. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் கூடாது என்று தடுத்திருக்கிறது. பூட்டுகிறவர்கள் எல்லோரும் கொடியவர்கள் அல்ல. பெரும்பாலும் எதையோ காப்பாற்றத்தான் பூட்டுகிறார்கள்.

நாமக்கல் மாவட்டத்துக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு கதை அமெரிக்காவில் இருக்கிறது. வட கரோலினா மாநிலத்தில் ஹேம்லெட் என்று ஒரு சிற்றூர். அங்கே கோழி இறைச்சியைப் பொரித்துப் பாக்கெட் போடும் ஆலை. 1991 செப்டம்பர் 3 காலையில், பொரிக்கும் எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஹைட்ராலிக் குழாய் பிய்த்துக்கொண்டு தீப்பிடித்தது. ஆட்கள் கதவுகளுக்கு ஓடினார்கள். கதவுகள் பூட்டியிருந்தன. தொழிலாளர்கள் கோழித் துண்டுகளைத் திருடிப் போகிறார்கள் என்று பூட்டி வைத்திருந்தார்கள். 25 பேர் இறந்தார்கள். ஆலை முதலாளிக்கு ஏறத்தாழ 20 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. கோழிப் பண்ணையும் முட்டை லாரியும் தீவன மில்லும் நிறைந்த நம் மாவட்டத்தில் எத்தனை பின்கதவுகள் இதே காரணத்துக்காகப் பூட்டிக் கிடக்கின்றன என்று ஒவ்வொரு ஆலைக்காரரும் தங்கள் வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கலாம். ஹேம்லெட்டுக்கு 80 வருடம் முன்பு, 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைக் கம்பெனியிலும் இதே கதைதான். பெண்கள் துணியை எடுத்துப் போகாமல் பையைச் சோதித்து அனுப்ப ஒரே வழி, மற்றக் கதவுக்குப் பூட்டு. 146 உயிர்கள்.

இனிக் கதவுக்கு வருவோம். அது ஏன் உள்பக்கம் திறக்கக் கூடாது? பள்ளிக்கூட இயற்பியல் போதும். 90 சென்டிமீட்டர் அகலக் கதவு. கூட்டம் அதன் மேல் வந்து அழுத்துகிறது, மொத்த விசை 1000 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ மூட்டையின் எடை அது. ஏழெட்டுப் பேர் பின்னாலிருந்து நெருக்கினாலே அதைத் தாண்டிவிடும். கூட்டத்தின் அழுத்தம் கதவின் நடுவில், கீலிலிருந்து 45 சென்டிமீட்டரில் செயல்படுவதாகக் கொள்ளலாம். கைப்பிடி 85 சென்டிமீட்டரில் இருக்கிறது. திருப்புத்திறன் சமமாக வேண்டுமென்றால் கைப்பிடியைப் பிடித்து இழுப்பவர் 530 நியூட்டன், அதாவது 54 கிலோ தூக்கும் அளவுக்கு இழுக்க வேண்டும். அதுவும் சமப்படுத்த மட்டும்தான், திறக்க இன்னும் வேண்டும். அவர் பின்னால் சாய்ந்து இழுக்க இடமும் இல்லை, முதுகில் ஊரே நிற்கிறது. கதவு சுழல்வதற்கான இடத்தில் மனிதர்கள் நிற்கிறார்கள். பெருங்கூட்ட நெரிசல்களுக்குப் பிறகு வளைந்து கிடந்த இரும்புக் கம்பித் தடுப்புகளைக் கொண்டு கணக்கிட்டதில், அங்கே செயல்பட்ட விசை 4500 நியூட்டனுக்கு மேல் இருந்திருக்கும் என்று தெரிந்தது. அந்த அழுத்தத்தில் உள்பக்கக் கதவும் சுவரும் ஒன்றுதான்.

வெளிப்பக்கம் திறக்கும் கதவுக்கு இதே அழுத்தம் துணை. எந்தக் கூட்டம் கொல்கிறதோ அதே கூட்டம் கதவைத் திறந்துவிடும், தாழ்ப்பாள் மட்டும் விடுபட்டால்.

அங்கேதான் அடுத்த சிக்கல். அழுத்தம் ஏறிய கதவில் தாழ்ப்பாள் கம்பி அதன் துளைக்குள் இறுகிக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்பிய கதவில் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கதவைக் கொஞ்சம் நம் பக்கம் இழுத்துப் பிடித்தால்தான் கம்பி நகரும். பின்னால் 20 பேர் நெருக்கும்போது கதவை நம் பக்கம் இழுப்பது நடவாது.

இந்த முடிச்சை அவிழ்க்க உலகத்தைத் தூண்டியது தீகூட இல்லை. 1883 ஜூன் 16, இங்கிலாந்தில் சண்டர்லேண்ட் ஊர், விக்டோரியா ஹால். குழந்தைகளுக்கான வித்தைக் காட்சி. முடியும்போது மேடையிலிருந்து பரிசு கொடுக்கத் தொடங்கினார்கள். மாடியில் இருந்த பிள்ளைகள் தங்களுக்குக் கிடைக்காமல் போய்விடும் என்று படிக்கட்டில் பாய்ந்து இறங்கினார்கள். கீழே உள்பக்கம் திறக்கும் கதவு, ஒரு பிள்ளை மட்டும் நுழையும் இடைவெளியில் தாழிட்டு நிறுத்தப்பட்டிருந்தது. டிக்கெட் பார்த்து ஒவ்வொருவராக விடுவதற்கான ஏற்பாடு அது. 183 குழந்தைகள் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து மூச்சு முட்டி இறந்தார்கள். அந்தச் சாவு பலரையும் உலுக்கியது. ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் 1892இல் தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாளுக்குக் காப்புரிமை பெற்றார். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவா தியேட்டரில் 602 பேர் இறந்தனர். வெளியேறும் கதவுகள் திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்திருந்தன. பலவற்றில் யாருக்கும் பழக்கமில்லாத பூட்டு. மலிவு டிக்கெட்காரர்கள் நல்ல இடத்துக்கு வந்துவிடாமல் தடுக்கப் படிக்கட்டுகளில் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள். அன்று அந்தக் காட்சிக்குப் போக இருந்து போகாமல் தப்பியவர் கார்ல் பிரின்ஸ்லர் என்ற இரும்புச் சாமான் வியாபாரி. அவர் ஹென்றி டூபான்ட் என்ற பொறியாளரோடு சேர்ந்து 1908இல் சந்தைக்குக் கொண்டுவந்ததுதான் இன்று 'பேனிக் பார்' என்று கடைகளில் கேட்டு வாங்கும் சாதனம்.

பெரிய ஆஸ்பத்திரியிலோ மாலிலோ பார்த்திருப்பீர்கள். கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு தண்டு இருக்கும். கையால் தள்ளினாலும் சரி, இடுப்பால் மோதினாலும் சரி, கூட்டம் நெருக்கி உடம்பே அதன் மேல் சாய்ந்தாலும் சரி, தண்டு உள்ளே போகும். அந்த அசைவு நெம்புகோல் வழியாகத் தாழ்ப்பாள் நாக்கை இழுத்துவிடும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஐரோப்பியத் தர விதி வைத்திருக்கும் சோதனை. சும்மா இருக்கும் கதவில் 80 நியூட்டனுக்குள், அதாவது எட்டுக் கிலோ அழுத்தத்தில் தண்டு இறங்க வேண்டும். இது ஒரு பாட்டியால் முடியும். அதோடு விடாமல், கதவின் மேல் 1000 நியூட்டன் அழுத்தம் ஏற்றி நிறுத்தியும் பார்க்கிறார்கள். அப்போதும் 220 நியூட்டனுக்குள் நாக்கு விடுபட வேண்டும். மழைக்காலத் தாழ்ப்பாள் பிரச்சினையை நேராகக் கண்ணில் பார்த்து எழுதிய விதி இது.

சரி, அண்டா திருடன்? மேனேஜருக்கு நான் பதில் சொல்ல வேண்டும் அல்லவா.

பூட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. நாம் வீட்டுக் கதவில் பழகிய பழக்கத்தில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகவே எண்ணுகிறோம். திருடன் வருவது வெளியிலிருந்து. உயிருக்கு ஓடுபவர் வருவது உள்ளிருந்து. வெளிப் பக்கத்தில் எத்தனை கெட்டியாக வேண்டுமானாலும் இருக்கட்டும், உள்பக்கத்தில் சாவி கேட்கக் கூடாது. தண்டு வைத்த கதவில் வெளியே கைப்பிடியே வேண்டாம், வழுவழுப்பான தகடு போதும். கதவு வெளியே திறப்பதால் கீல்கள் வெளியில் வந்துவிடும், கீல் ஆணியைத் தட்டி எடுத்துக் கதவையே கழற்றிவிட ஒரு கெட்டிக்காரத் திருடனால் முடியும். அதற்குக் கீல் பக்கத்து நிலையில் துளையிட்டு, கதவு மூடும்போது அதற்குள் போய் உட்காரும் முனைகளை வைப்பார்கள். ஆணியை உருவினாலும் கதவு நகராது. கதவுக்கும் நிலைக்கும் இடையே கம்பி விட்டுத் தண்டை இழுக்காதபடி விளிம்பை மூடும் பட்டைத் தகடும் உண்டு.

உள்ளிருந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்வழியாகப் போகிறவரை? அவருக்குப் பூட்டு வேண்டாம், சத்தம் போதும். தண்டை அழுத்தினால் அலறும் பேட்டரி மணி ஒன்று. அலறினால் ஓடிப் பார்க்க ஆள் இருக்கிறார். குழந்தை வெளியே ஓடினாலும் அதே மணி கூப்பிடும். அமெரிக்க விதிகளில் இன்னும் ஒரு படி அனுமதி உண்டு. சில வகைக் கட்டடங்களில், தண்டை அழுத்தியதும் மணி அடித்து 15 விநாடி கழித்துத் திறக்கும் பூட்டு வைக்கலாம். ஆனால் புகை உணர்வி எச்சரித்தாலோ மின்தடை வந்தாலோ அந்த 15 விநாடியும் கிடையாது, உடனே திறந்துவிட வேண்டும். கூட்டம் கூடும் மண்டபத்துக்கு இது பொருந்தாது என்பதே என் கருத்து.

இப்போது ஆபீஸ்களிலும் ஹாஸ்டல்களிலும் விரல் வைத்துத் திறக்கும் கதவு வந்துவிட்டது. பெரும்பாலும் அதன் உச்சியில் இருப்பது மின்காந்தப் பூட்டு. கரண்ட் ஓடும் வரை சுமார் 270 கிலோ இழுப்புக்குத் தாங்கி நிற்கும். கரண்ட் போனால் காந்தம் இல்லை, கதவு விட்டுவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் ஊரில் கரண்ட் போகிற போக்குக்குக் கதவு அடிக்கடி திறந்து கிடக்கும் என்று பேட்டரி வைத்துவிடுகிறார்கள். தீயில் மெயின் கரண்ட் போனாலும் பேட்டரி காந்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்! அதனால்தான் தீ அலாரத்தின் ஒயர் பேட்டரி வரும் வழியையும் சேர்த்து அறுக்கும்படி இணைக்க வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடியை அழுத்தினால் காந்தத்துக்குப் போகும் கரண்டை நேரடியாகத் துண்டிக்கும் பச்சைப் பெட்டியும் இருக்க வேண்டும். பிள்ளையை ஹாஸ்டலில் சேர்க்கப் போகும் பெற்றோர் சாப்பாட்டை விசாரிக்கிறோம், பாத்ரூமைப் பார்க்கிறோம். இரவு ஒன்பது மணிக்கு மேல் பூட்டும் கிரில் கேட்டின் சாவி எங்கே இருக்கும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "வார்டன்கிட்ட" என்று பதில் வந்தால், வார்டன் எந்த மாடியில் தூங்குகிறார் என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

நம் நாட்டு விதிகளும் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் எழுதப்பட்டபோதே, ஆள் உள்ளே இருக்கும்போது வெளியேறும் கதவை உள்ளிருந்து உடனே திறக்க முடியாதபடி பூட்டக் கூடாது, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று இருந்தது. 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி, வெளியேறும் கதவு சாவி இல்லாமல் திறக்க வேண்டும் என்கிறது. அகலம் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது, மக்கள் கூடும் கட்டடம் என்றால் இரண்டு மீட்டர்.

அந்த இரண்டு மீட்டர் ஏன் என்பதைத் தீவன மில்லில் வேலை பார்த்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். மக்காச்சோளம் கொட்டிய ஹாப்பரின் வாய் சிறியதாக இருந்தால், மேலே எத்தனை மூட்டை அழுத்தினாலும் மணிகள் ஒன்றோடொன்று முட்டுக் கொடுத்து வளைவு கட்டி நின்றுவிடும். ஆள் கம்பால் தட்டினால்தான் கொட்டும். குறுகிய வாசலில் மனிதர்களும் தோளோடு தோள் முட்டி அதே வளைவைக் கட்டுகிறார்கள். 2000இல் ஹெல்பிங், ஃபார்கஷ், விச்செக் மூவரும் 'நேச்சர்' இதழில் இதைக் கணினி மாதிரியில் காட்டினார்கள். ஒவ்வொருவரும் வேகமாகப் போக முயலும்போது மொத்தக் கூட்டமும் தாமதமாக வெளியேறுகிறது. நிதானமாகப் போனாலே ஒரு மீட்டர் வாசலில் விநாடிக்கு ஏறத்தாழ ஒருவர்தான் கடக்க முடியும். 600 பேர் இருக்கும் கூடத்துக்கு ஒரே கதவு என்றால் பத்து நிமிடம். இரண்டு மீட்டர் வாசல் இரண்டு இருந்தால் இரண்டரை நிமிடம். புகை இறங்கும் நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மேனேஜரிடம் இத்தனையும் அன்று சொல்லவில்லை. பந்தி வேறு காத்திருந்தது. பெண் வீட்டுச் சித்தப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் மண்டபத்துக்காரருக்குத் தூரத்து உறவு, லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். கதவைத் தட்டிப் பார்த்தார், நிலையை அளந்தார். "கீலத் தூக்கி வெளியே வெக்கறது அரை நாள் வேலை மாப்ள. அந்தத் தண்டு மட்டும் ஐஎஸ்ஐ மாதிரி நல்லதா வாங்கிப் போடச் சொல்லணும். அத நம்ம பட்டறையில அடிக்கக் கூடாது" என்றார். உயிரை நம்பி விடும் சாதனத்தை, சோதனை செய்யாமல் கையால் அடித்து மாட்டக் கூடாது என்று அந்தத் தொழிலாளிக்குத் தானாகத் தோன்றியது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

தையில் வளைகாப்புக்கு அதே மண்டபத்துக்குப் போனேன். கதவு மாறியிருந்தது. பூட்டும் நாதாங்கியும் இல்லை, சிவப்புத் தண்டு குறுக்கே இருந்தது, மேலே சின்ன மணிப் பெட்டி. ஆனால் அதை ஒட்டி மறுபடியும் நாற்காலிகள், ஆள் உயரத்துக்கு, இரண்டு வரிசை. மேனேஜர் என்னைப் பார்த்ததும், கேட்பதற்கு முன்பே ஒரு வரிசையைத் தானே பிடித்து இழுக்கத் தொடங்கினார். அடுத்த வரிசையை நான் பிடித்தேன். சுவரோரம் கொண்டுபோய்ச் சாத்திவிட்டு வந்து தண்டை இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளினேன். மணி அலறியது, பந்தியில் இருந்த அத்தனை பேரும் இலையிலிருந்து தலை தூக்கிப் பார்த்தார்கள். கதவு முழுக்க வெளியே போய்ச் சுவரில் மோதி நின்றது.